ஆன் ஆகாத பைன்போன்: தண்டையார்பேட்டையில் சில வருட அனுபவம்

பைன்போன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், கேமரா, வேகம் பற்றியெல்லாம் பிறகுதான் பேசுவேன். "ஒரு நாள் இது ஆன் ஆகாமல் கிடக்கும். அன்றைக்கு உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி. அப்படிக் கிடக்கும்போது பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தனக்கு உயிர் இருப்பதை அது தானாகக் காட்டிக்கொள்ளாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பைன்64 என்ற நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த, ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் போன் இது. உள்ளே ஆல்வின்னர் ஏ64 சிப், 2 அல்லது 3 ஜிபி ரேம். அந்த சிப் 2015-ல் வந்தது, ஆகவே போன் பிறக்கும்போதே கிழவன். மொபியன், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்று லினக்ஸ் இயங்குதளம் (ஓஎஸ்) எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். பின்மூடியை நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும், பேட்டரியைக் கையால் கழற்றலாம். சர்க்யூட் வரைபடம் யாருக்கும் கிடைக்கும். போன் ஆன் ஆகாத நாளில் இவைதான் கைகொடுத்தன.

2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் திரும்பி வர நாட்கள் ஆயின. இருந்த பவர் பேங்க் ஆண்ட்ராய்டு போனுக்கே பத்தவில்லை. பைன்போன் முழுசாகத் தீர்ந்து, தண்ணீர் வடிந்து வீடு ஒழுங்கான பிறகும் அலமாரியிலேயே கிடந்தது. பிறகு சார்ஜர் போட்டால் திரையும் இல்லை, விளக்கும் இல்லை, அதிர்வும் இல்லை. டி.எச். ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லோகோகூட வரலையே, போர்டு போச்சுண்ணே" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. மற்ற போன்களில் சார்ஜர் செருகினால் பேட்டரிப் படம் வரும், அதுவும் வரவில்லை என்றால் போர்டைத்தான் சந்தேகப்படுவார்கள். அந்தப் படத்தை வரைவது போனுக்குள் இருக்கும் மென்பொருள். பேட்டரி இந்த அளவுக்கு இறங்கிவிட்டால் பைன்போன் அந்த இடம் வரைக்கும் போகவே போகாது.

வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினால் அதற்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தொடர்பைத் துண்டித்துவிடும். பேட்டரி செல்லில் சார்ஜ் மிச்சம் இருந்தாலும் வெளி முனையில் ஒன்றும் வராது. அதை எழுப்ப முதலில் மிகக் குறைந்த கரண்டில் மெதுவாக ஏற்ற வேண்டும். போனுக்குள் வைத்தே இதைச் செய்வதில் ஒரு தொல்லை: கொஞ்சம் ஏறியதும் போன் தானாகக் கண் விழிக்கப் பார்க்கும், ஏறியதை எல்லாம் அதிலேயே தின்றுவிட்டு மறுபடி விழும். மணிக்கணக்கில் இதே ஆட்டம்தான். அதனால் பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் செய்வது உத்தமம்.

இங்கேதான் இந்த போனின் பெரிய நல்ல குணம் தெரிந்தது. இதற்கு 2015-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஜே7 போனின் பேட்டரி அப்படியே பொருந்தும். ஹாங்காங்கிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை, அதே கடையிலேயே இருந்தது. வாங்கிப் போட்டு பவர் பட்டனை அழுத்தினேன், எழுந்துகொண்டது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பழைய பேட்டரிக்கு பூஸ்ட் கொடுத்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். பல நாள் அடிமட்டத்தில் கிடந்த லித்தியம் செல்லுக்கு ஒரேயடியாகக் கரண்ட் கொடுப்பது ஆபத்து. லேசாக உப்பியிருந்தால் தொடவே கூடாது.

காசிமேட்டுக் கடல் காற்று இன்னொரு விஷயம். நம்ம பக்கம் இரும்பு கேட்டே நாலு வருஷத்தில் துருப்பிடிக்கிறது, பேட்டரி முனைகள் மட்டும் தப்புமா? அவ்வப்போது மங்கிப்போய்த் தொடர்பு விட்டுவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டால் சரியாகிவிடுகிறது.

சில நேரம் போன் ஆன் ஆகித்தான் இருக்கும், திரை மட்டும் இருட்டு. சார்ஜ் மிச்சப்படுத்த இது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அதைப் பார்த்துக்கொள்வது சிப்புக்குள் இருக்கும் ஒரு குட்டி பிராசசர், அதில் ஓடும் திறமூல மென்பொருளின் பெயர் கிரஸ்ட். உறக்கத்திலிருந்து சரியாக மீளாவிட்டால் செத்த போனுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. இன்னொரு போனிலிருந்து கால் பண்ணிப் பார்ப்பேன். மணி அடித்தால் விஷயம் புரிந்துவிடும். அடிக்காவிட்டால் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, முழுசாக அணைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன்.

அடுத்த பெரிய விபத்து ஒரு கோடை இரவில். சார்ஜில் போட்டபடி அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போனது. ஜே7 பேட்டரியும் அதற்குள் தளர்ந்திருந்ததால் தாக்குப்பிடிக்கவில்லை. ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பாதி எழுதிய நிலையில் போன் படுத்துவிட்டது. இம்முறை பேட்டரியை மாற்றியும் பலனில்லை.

ஏ64 சிப் உயிர் பெற்றதும் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும், உள் நினைவகத்துக்கு அப்புறம்தான் வரும். இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஒழுங்கான ஒரு ஓஎஸ்ஸை எஸ்டி கார்டில் எழுதிப் போட்டேன். போன் ஓடியது. போர்டு, திரை, பேட்டரி எல்லாம் நலம், கெட்டது உள்ளே இருக்கும் மென்பொருள் மட்டும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு ஜம்ப்டிரைவ் என்ற சின்ன கருவியைக் கார்டில் எழுதிப் போட்டு லேப்டாப்பில் செருகினால், போனின் உள் நினைவகம் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கிறது. போட்டோக்களை எடுத்துக்கொண்டு, ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றிவிட்டேன். இதே வழி தலைகீழாகவும் படுத்தும்: அரைகுறையாக எழுதிய கார்டு உள்ளேயே இருந்தால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் போன் எழாது. ஆகவே முதல் வேலையாகக் கார்டை உருவிவிட்டுப் பாருங்கள்.

எங்கேயும் ஓஎஸ் இல்லை என்றாலும் சிப் சும்மா இருக்காது. எஃப்இஎல் என்ற மீட்பு நிலைக்குப் போய் யூஎஸ்பியில் காத்திருக்கும். லினக்ஸ் லேப்டாப்பில் யூஎஸ்பி பட்டியலைப் பார்த்தால் சில நேரம் 'ஒண்டா வி972 டேப்லெட்' என்று சம்பந்தமில்லாத பெயர் வரும். பயப்படாதீர்கள், அது உங்கள் பைன்போன்தான். ஆல்வின்னர் சிப்புகள் இந்த நிலையில் ஒரே அடையாள எண்ணைத்தான் காட்டுகின்றன. அந்தப் பெயர் தெரிந்தாலே சிப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் ஆழமாகத் தோண்ட ஆசைப்படுபவர்களுக்கு ஹெட்போன் துளை இருக்கிறது. பின்மூடிக்கு அடியில் மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா, ஹெட்போன் என்று ஆறு குட்டி ஸ்விட்சுகள். ஹெட்போன் ஸ்விட்சை அணைத்தால் அந்தத் துளை சீரியல் போர்ட் ஆகிவிடும், அதாவது போன் தரும் செய்திகளை லேப்டாப்பில் எழுத்தாகக் காட்டும் வழி. 3.3 வோல்ட் கேபிள் போட்டு, போன் தொடங்கும்போது எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று வரிவரியாகப் படிக்கலாம்.

தினசரி உபயோகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவான போன். நம்ம ஊர் யுபிஐ செயலிகளை இதில் நம்பி இறங்க முடியாது, மீன் வாங்கப் போனாலும் ஆண்ட்ராய்டு ஒன்று கூடவே வர வேண்டும். ஒரே போனாக இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். ஆண்ட்ராய்டுக்குத் துணையாக என்றால் தாராளமாக. வாங்கும்போதே ஒரு எஸ்டி கார்டும், 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜரும், ஒரு மாற்று பேட்டரியும் சேர்த்து எடுத்துவிடுங்கள். எஸ்டி கார்டுக்கும் எழாமல், எஃப்இஎல்லிலும் தெரியாமல் போனால் அப்போது போர்டைச் சந்தேகப்படலாம். மெயின்போர்டு தனியாகவே விற்பனைக்கு இருக்கிறது. என் போனுக்கு அந்தச் செலவு இதுவரை வரவில்லை.