தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் கவனிக்கவும்: டூட்டி ரோஸ்டர் ஆப்பில் 47,200 ரூபாய் போச்சு

47,200 ரூபாய். ஆப்புக்கு 40,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,200. ஒரு வருடச் சந்தா என்று முழுசாக வாங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. பேரைப் போட்டால் வேறு வம்பு வரும் என்று வக்கீல் சொல்வதால் போடவில்லை. நர்ஸ்களுக்கு ஷிஃப்ட் போட்டுத் தரும் மொபைல் ஆப், ஆபீஸ் ஓசூர் தாண்டி இருக்கிறது என்பார்கள்.

எங்களுடையது தருமபுரியில் சின்ன ஆஸ்பத்திரி, நிர்வாகம் நான் பார்க்கிறேன். ரோஸ்டர் என்றால் மாதக் கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதும் நோட்டுதான். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஈவ்னிங் டூட்டி முடிந்தால் பஸ் பிடிப்பது கஷ்டம். அதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அவர் போடுவார்.

விற்க வந்த பையன் அரூர்க்காரன். "நம்ம ஊரு ஆஸ்பத்திரியைப் போய் ஏமாத்துவேனாக்கா?" என்றான். வெறும் பேச்சாக இருந்திருந்தால் டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். சிஸ்டர் போனிலேயே ஆப்பை ஏற்றி, ஐசியூ சிஸ்டர் ஒருவர் பேரில் லீவு போடச் சொன்னான். போட்டார். அடுத்த நொடி 'ஆள் போதாது, லீவு இல்லை' என்று சிவப்பில் வந்தது. "ஐசியூல ரெண்டு பேருக்குக் கீழ போனா ஆப்பே லீவு தராது சிஸ்டர். நைட் முடிச்சவங்களுக்கு மறுநாள் மார்னிங் போடவும் விடாது." இந்த இரண்டும்தான் சிஸ்டருக்குத் தீராத தலைவலி. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்கே பணம் அனுப்பினோம். ஆப்பில் அப்படி ஒரு கட்டுப்பாடே கிடையாது, அவன் தன் போனிலிருந்து கையால் நிராகரித்துக் காட்டியிருக்கிறான்!

ஆடிப்பெருக்கு வந்தது. ஒகேனக்கல் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஐசியூவில் லீவு கேட்ட அத்தனை பேருக்கும் பச்சை டிக். போதாக்குறைக்கு, நைட் முடித்துக் கிளம்பிய பெண்ணுக்கே அன்று மார்னிங் டூட்டி. கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டர்தான் டபுள் டூட்டி பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன் போட்டால் முதலில் "அப்டேட் ஓடிட்டிருக்கு மேடம்". அப்புறம் "உங்க நெட் ஸ்லோ". அப்புறம் "உங்க ஸ்டாஃபுக்கு ட்ரெயினிங் பத்தல". இத்தனை வருடம் ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறவருக்கு ட்ரெயினிங் பத்தலையாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த அரூர்ப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். நேற்று லாகின் செய்தால் 'டிரையல் முடிந்தது' என்று வருகிறது. 47,200 கொடுத்தது டிரையலுக்கா?

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்து என்று காட்டுகிறது. அப்படியானால் அந்த 7,200 எங்கே போனது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், அந்த ஓட்டையைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்கிறார் வக்கீல்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். டெமோவை அவர்கள் போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பணம் போகும் முன் தேடுங்கள், காசு செலவில்லை. பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

நோட்டீஸ் நாளைக்குப் போகிறது. இதே ஆட்களிடம் மாட்டியவர்கள் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.