இரண்டு போகம் ஓடிய எயார் ஃபில்டர்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் கன்டர் லொறியில் இருந்த சகுரா கொம்பனி எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். புதியதும் சகுராதான். பழையதைப் பெரும்போக அறுவடை தொடங்கிய கிழமை மாட்டியிருந்தேன். சிறுபோக நெல்லெல்லாம் ஏற்றி முடிந்த பிறகுதான் கழற்றினேன். அதற்கு முன்னால் வேறொரு ஃபில்டர் கிடந்தது, அது என் இஞ்சினை அழித்தது. இரண்டையும் ஒரே வண்டியில், ஒரே பாதையில் பார்த்தவன் நான். நம் பக்கத்தில் லொறி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வண்டி 4டி33 இஞ்சின் போட்ட மிட்சுபிஷி கன்டர், டர்போ இல்லாதது. சம்மாந்துறை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நெல் மூடை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவதுதான் முக்கிய ஓட்டம். இடைக்கிடை பொலன்னறுவை ஆலைகளுக்கும், அரிசியோடு மஹியங்கனை வழியாகக் கண்டிக்கும் போகும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் கிரவல் பாதையில் முன்னால் ஒரு டிராக்டர் போனால், அது கிளப்புகிற புழுதியில் நமக்குப் பாதையே தெரியாது. வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சுணையும் பதர்த்தூளும் கண்ணைத் திறக்க விடாது. நாம் சால்வையால் மூக்கைக் கட்டிக்கொள்வோம். இஞ்சின் அதே காற்றைத்தான் இழுக்கிறது.

எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு தரம் கணக்குப் பார்த்தேன். இந்த இஞ்சின் 4214 சிசி, நாலு லீற்றருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவ்வளவு காற்றும் உள்ளே போகும். 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 லீற்றர், அதாவது டீசல் பீப்பாவால் அளந்தால் இருபது பீப்பா. அத்தனையும் ஃபில்டர் என்கிற அந்த ஒரு தாள் உருளைக்குள்ளால்தான் வர வேண்டும்.

முதலில் பழைய கதை. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போன காலம். சாமான் தட்டுப்பாடு வேறு. கடையில் கிடைத்ததை வாங்கினேன். பெட்டியில் எந்த நாட்டில் செய்தது என்றுகூட இல்லை. விலை மட்டும் பாதிக்கும் குறைவு. போட்டவுடன் வண்டி நன்றாகத்தான் இழுத்தது. அதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வட்டையால் வந்தால் ஒவ்வொரு பின்னேரமும் டயர் கடையில் நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, எயார் கன்னை ஒட்டிப் பிடித்து அடித்து, நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டி மாட்டிவிடுவேன். வண்டியை நன்றாகப் பார்க்கிறேன் என்று மனதார நம்பினேன்.

அதைப் போட்ட ஐந்தாவது மாதம் இஞ்சின் ஒயில் குறையத் தொடங்கியது. கீழே ஒழுக்கில்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தது. காரைதீவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாஸ் ஒருவர் ஃபில்டரில் இருந்து இஞ்சினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் செம்மண், திருநீறு போல மெல்லியது.

"தம்பி, இது ஃபில்டர் அடைச்ச வருத்தம் இல்ல. இஞ்சின் மண் திண்டிருக்கு."

அன்றைக்குத்தான் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் விளங்கியது. ஃபில்டர் அடைத்தால் வண்டி சொல்லும். எங்கள் மாதிரிப் பழைய பம்ப் இஞ்சினில் காற்றுக் குறைந்தாலும் பெடலுக்கு ஏற்ற டீசல் போய்க்கொண்டே இருக்கும். எரிய முடியாத டீசல் கறுப்புப் புகையாக வரும். மஹியங்கனை–கண்டி வீதியில் பதினெட்டு வளைவு ஏறும்போது ஒரு கியர் கூடுதலாக இறக்க வேண்டி வரும், டீசல் செலவு கூடும். புது ஃபில்டர் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். தூசியைக் கடத்துகிற ஃபில்டரோ ஒன்றும் காட்டாது. காற்று தாராளமாகப் போகிறதால் வண்டி சுகமாக இழுக்கும். உள்ளே போன மண் ஒயிலோடு கலந்து, பிஸ்டன் ரிங்கையும் பிஸ்டன் ஓடுகிற லைனரையும் உரைதாள் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டிருக்கும். புகை தெரிய வரும்போது வேலை முடிந்துவிடும். எனக்கு லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. அந்தப் போகத்து உழைப்பு முழுவதும் கராஜுக்குப் போனது.

கழற்றிய ஃபில்டரை பாஸ் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய் உள்ளே டோர்ச் பிடித்துக் காட்டினார். தாள் மடிப்புகளில் ஊசிமுனை போல வெளிச்சப் புள்ளிகள் ஏழெட்டு. நூறு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் வருகிற டயர்க் கடைக் காற்றால் நானே குத்திய ஓட்டைகள் அவை. அடிப்பக்க ரப்பர் வளையமும் பலகை போல இறுகி, ஒரு பக்கம் ஃபில்டர் உட்காருகிற கூட்டில் படாமலே இருந்திருக்கிறது. ஆகவே பழி முழுவதும் அந்த மலிவுச் சாமானுக்கு மட்டும் இல்லை, பாதி என்னுடையது.

இனி சகுரா. இந்தோனேசியாவில் செய்வது. விலை அந்தப் பெயரில்லாததைப் போல இரண்டே கால் மடங்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரப்பர் வளையம். விரலால் அழுத்தினால் அமிழ்ந்து திரும்பி வரும். மாட்டுவதற்கு முன் கூட்டில் வளையம் உட்காருகிற இடத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, ஒரு தரம் இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். ரப்பரில் கிரீஸ் ஓரிடமும் விடாமல் முழு வட்டமாகப் பதிந்திருந்தது. கடையில் வாங்கும்போதே தாள் மடிப்புகள் சமமாக நிற்கின்றனவா, மேல் கீழ் தகடு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் எடுத்த பெட்டிகளுக்கு நகலும் உண்டு என்பதால், தெரிந்த கடையில் வாங்குவது நல்லது.

இந்த முறை எட்டு மாதத்தில் மூன்றே மூன்று தரம்தான் கழற்றினேன். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. ஆனால் விஷயம் இதுதான்: தாளின் மேல் படிகிற தூசியே ஒரு சல்லடையாக நின்று அடுத்த தூசியைப் பிடிக்கும். கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் புத்தம் புதியதை விட நன்றாக வடிகட்டும். அதோடு, கழற்றுகிற ஒவ்வொரு முறையும் கூட்டுச் சுவரில் இருக்கிற புழுதி சுத்தமான பக்கத்துக்குள் விழ வாய்ப்பு உண்டு. கழற்ற வேண்டிய நேரம் எப்போது என்று அறிய, ஹோஸில் ஒரு சின்னக் காட்டி பூட்டியிருக்கிறேன். ஃபில்டர் அடைத்து இஞ்சின் காற்றைக் கஷ்டப்பட்டு இழுக்கத் தொடங்கினால் அதில் சிவப்பு ஏறும். சில லொறிகளில் கொம்பனியே போட்டு வரும்; இல்லாதவர்கள் வாங்கிப் பூட்டலாம், பெரிய விலை இல்லை.

காற்று அடிப்பதென்றால் 30 பிஎஸ்ஐக்குள், உள்ளிருந்து வெளியே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து. தட்டவே கூடாது, தாள் ஃபில்டரைக் கழுவவும் கூடாது. அப்புறம் கூட்டுக்கு அடியில் தொங்குகிற ரப்பர் வாயை ஒருவரும் கவனிப்பதில்லை. காற்று கூட்டுக்குள் சுழலும்போது கனமான மண் அதில்தான் வந்து சேரும். காலையில் ஒரு தரம் பிதுக்கிவிட்டால் போதும். அறுவடை நாட்களில் ஒரு பிடி மண் கொட்டும். பல லொறிகளில் அந்த ரப்பர் தொலைந்து வெறும் ஓட்டையாக இருப்பதைப் பார்க்கிறேன். அதன் வழியாகப் புழுதி நேராக ஏறினால் எந்த நல்ல ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துவிடும். ஃபில்டருக்குப் பிறகு வருகிற ஹோஸையும் கிளிப்பையும் மாதம் ஒரு தரம் வெள்ளைத் துணியால் உட்பக்கம் துடைத்துப் பார்க்கிறேன். துணியில் மண் வந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

வாப்பாவின் பழைய டாட்டா லொறியில் எண்ணெய்க் கிண்ண ஃபில்டர் இருந்தது; அதில் தாளுக்குப் பதிலாகக் கிண்ணத்து எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை காலையில் சேற்று எண்ணெயை ஊற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, கோடு வரை புது ஒயில் விடுவார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காற்று வேகமாகப் போகும்போதுதான் அது ஒழுங்காகத் தூசி பிடிக்கும், தாள் அளவுக்கு வராது. ஆனாலும் அவர் ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை.

கணக்குக் கொப்பியில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சகுரா போட்ட புதிதில் பாரத்தோடு லீற்றருக்கு ஆறரை கிலோமீற்றர் ஓடியது. கடைசி மூன்று கிழமை ஆறுக்குக் கீழே வந்தது, காட்டியிலும் சிவப்பு. இஞ்சின் ஒயில் ஒரு சேர்விஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஊற்ற வேண்டி வரவில்லை. என் மச்சானுடைய புது லொறி கொமன் ரெயில், அதாவது கணினி பார்த்து டீசல் விடுகிற இஞ்சின். அதில் ஃபில்டர் அடைத்தால் புகை வராது; காற்றைப் பார்த்துக் கணினி டீசலைக் குறைத்துவிடும், வண்டி சும்மா களைத்துப் போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு எண்ணெய் தடவிக் கழுவிப் பாவிக்கிற பஞ்சு ஃபில்டரை நான் சொல்ல மாட்டேன். அந்த எண்ணெய் காற்றை அளக்கிற சென்சரில் படியும். இரண்டு ஃபில்டர் உள்ள பெரிய டிப்பர்களில் உள்ளே இருப்பதற்குக் காற்று அடிக்கக் கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும்.

எனக்குள்ள ஒரே குறை, அறுவடை நேரத்தில் கல்முனைக் கடைகளில் இதற்குத் தட்டுப்பாடு வருவதுதான். ஒன்றை முன்கூட்டியே வாங்கி கெபினுக்குள் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறேன். மாரியில் மாவடிப்பள்ளி வீதியில் தண்ணீர் ஏறும்போதும் அது தேவைப்படலாம். நனைந்து ஊறிய தாளை வைத்து ஓட்ட முடியாது.

பழையதைக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம் மடிப்புக்கு மடிப்பு செம்மண்ணும் பதரும் அடைந்து கல்லாகியிருந்தது. உட்பக்கத் தாள் வாங்கிய நாளில் இருந்த நிறத்திலேயே இருந்தது. புதியதன் தகட்டில் திகதியையும் மீற்றர் இலக்கத்தையும் எழுதி மாட்டினேன்: 287,410.