கிருஷ்ணகிரி பழையபேட்டை ரெக்கார்டு கடை: ஹெச்.எம்.வி. தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

பழையபேட்டையில் உள்ள இந்தப் பழைய ரெக்கார்டு கடையில் முக்கால்வாசிச் சரக்கு ஹெச்.எம்.வி., கொலம்பியா. 1931இல் ஹெச்.எம்.வி. லேபிளின் சொந்தக்காரரான கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் சேர்ந்து இ.எம்.ஐ. என்ற ஒரே கம்பெனி ஆனபின், இந்தியாவில் இரண்டு லேபிளும் கல்கத்தா டம்டம் ஆலையில்தான் அச்சாயின. ஆகவே கொலம்பியா லேபிளுக்கென்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 78, 33 சுற்றின் பெரிய எல்.பி., 45 சுற்றின் சிறிய இ.பி. என்று வேகவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இது பெரிய உதவி. 78 தட்டுகளில் லேபிளை நிதானமாகப் படியுங்கள். 1902இல் கல்கத்தாவில் ஹிந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் தட்டுக்காகப் பாடியபோது இங்கே ஆலை கிடையாது. தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்தது, 1928இல் டம்டம். லேபிளில் ஹானோவர் என்று கண்டால் யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

78 அரக்குத் தட்டு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து, பாட்டு பதிந்த பள்ளமே போய்விடும். ஈரத்துணி போதும், லேபிளில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. எல்.பி. ஊசியில் ஓட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். அந்த ஊசி முனை 18 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78இன் அகலமான பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய முனை அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டே போகும்.

சினிமா இ.பி.க்களில் பாதி, மைக் செட் கடைகளிலிருந்து வந்தவை. மாரியம்மன் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் கனமான ஊசியில் ஓடி ஓடித் தேய்ந்தவை. டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நல்ல தட்டு கருகருவென்று மின்னும், தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும். கடையிலேயே ஓட்டிக் காட்டுகிறார்கள். முதல் பாட்டை விட்டுவிட்டு லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும், 'ச', 'ஸ' எல்லாம் கரகரக்கும்.

கர்நாடக சங்கீத எல்.பி.க்களே கடையின் பலம். லேபிளில் எண்ணுக்கு முன்னால் இ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ (ஒரே ஒலித்தடம்), இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு). பழைய மோனோ பிளேயர் வைத்திருப்பவர்கள் ஸ்டீரியோ தட்டை அதில் போடவே கூடாது. மேலும் கீழும் அசையாத அந்த ஊசி பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும்.

குறைகள் இரண்டு. விலைச் சீட்டை நடு லேபிளின் மேலேயே ஒட்டுகிறார்கள். உரிக்கும்போது எண்ணும் பாடகர் பெயரும் கிழிந்து வருகின்றன. உறைமேல் ஒட்டினால் என்ன? அடுத்தது, மேற்குச் சுவரோரம் எல்.பி.க்களைப் படுக்கைவாட்டில் குவித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அடித்தட்டுகள் வளைந்துவிட்டன. அந்தக் குவியலில் எடுப்பதைச் சுழலவிட்டு, ஊசிக்கை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபின் காசு கொடுங்கள்.

1985இல் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்குப் போய், 2000இல் சரிகம என்று பெயர் மாறிய அதே ஹெச்.எம்.வி. கம்பெனியின் கேசட்டுகளும் ஒரு பெட்டி நிறைய உண்டு. ரிப்பனில் பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருந்தால் தொடாதீர்கள், பிளேயரில் ரிப்பனை உரசிப் படிக்கும் ஹெட்டும் அழுக்காகும். ஊசி இங்கே விற்பதில்லை. அதற்கு ஓசூர் தாண்டி பெங்களூருதான்.