எல்லைக்கு இந்தப் பக்கம் லினக்ஸ், அந்தப் பக்கம் விண்டோஸ்: பள்ளிக்கூடத்துக்கு எது சரி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு உறவு பாதி பொள்ளாச்சியில்தான். அண்ணன் பிள்ளை இங்கே கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும். தங்கச்சி பிள்ளை கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும். விசேஷ வீடுகளில் பேச்சு பிள்ளைகள் படிப்புக்குத் திரும்பினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "ஏனுங் மாமா, உங்க பக்கம் ஸ்கூல்ல விண்டோஸே கிடையாதாமா? நாளைக்கு வேலைக்குப் போனா பசங்க என்னங் பண்ணுவாங்க?"

பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். லினக்ஸ் என்பதும் விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் மென்பொருள்தான்; ஆனால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். கேரள அரசுப் பள்ளிகளில் இருப்பது அதுதான். என் பதில், கேரளத்தின் வழிதான் சரி. ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

காசு மிச்சம் என்பார்கள். பள்ளிகளின் 2 லட்சம் கணினிகளில் லினக்ஸ் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கேரளத் தரப்பில் ஒரு கணக்கு வெளியானது. எல்லா மென்பொருளையும் முழு விலை கொடுத்து உரிமம் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று போட்ட கணக்கு அது. எந்த அரசும் அந்த விலைக்கு வாங்கப் போவதில்லை. அதனால் இந்தத் தொகையை வைத்து நான் வாதாட மாட்டேன்.

கேரளத்திலும் தொடக்கத்தில் விண்டோஸ்தான் இருந்தது. 2001 வாக்கில் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வந்தபோது, ஒரே கம்பெனியின் பொருளை அரசே பாடமாக்கலாமா என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டன. சில வருடங்கள் இரண்டும் ஓடின. பிறகு முழுக்க லினக்ஸ். அந்தத் திட்டம் 2017இல் கைட் என்ற நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, கணக்குக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய ஜிம்ப், இன்க்ஸ்கேப், ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், நிரல் எழுதப் பழக ஸ்க்ராட்ச் என்று பாடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு பதிப்பை அவர்களே தயாரிக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் மெனுதான் லேபில் இருக்கும் மெனு. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி.க்கு 50 மதிப்பெண். தேர்வும் அதே கணினியில், அதே லினக்ஸில். டீச்சருக்குப் பயிற்சியும் அதிலேயே. இந்த நாலும் ஒன்றோடொன்று கோத்திருப்பதால்தான் அது நிலைத்தது.

தமிழ்நாட்டில் முயற்சி இல்லாமல் இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் பொறுப்பில் இருந்தபோது அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் கையிலேயே இருந்தது. 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது அதில் விண்டோஸ் 7இன் அடிப்படைப் பதிப்பான ஸ்டார்ட்டரும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எதற்குள் போகலாம் என்று திரையில் கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் லினக்ஸைத் திறந்து காட்ட ஆளில்லை, அதில் பரீட்சை இல்லை, பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தெரியாது. ஸ்டார்ட்டரிலோ திரையின் பின்படத்தைக்கூட மாற்ற முடியாது. பிள்ளைகள் பஜாரில் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் செய்து, திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டையும் கொடுத்துவிட்டு ஒன்றைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது பெரியவர்கள்.

இதில் எனக்கு வருத்தமே, தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் லினக்ஸ் போல யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளை வைத்தே எழுதப்பட்டிருப்பதுதான். பிளஸ் ஒன்னில் ஓப்பன் ஆபீஸ், பிளஸ் டூவில் பைத்தான் நிரல்மொழி, கணக்குப் புத்தகத்தின் கியூ.ஆர். கோடுக்குப் பின்னால் ஜியோஜீப்ரா. பல லேப்களில் மட்டும் விண்டோஸ். இதற்கு நடுவே பிளஸ் டூ கம்ப்யூட்டர் டெக்னாலஜியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர்! அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. கம்பெனி கைவிட்டுவிட்டது, பாடம் மட்டும் அதைக் கைவிடவில்லை.

தமிழ் தட்டச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். இங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் இந்திய எழுத்துகளுக்கு ஒரே அடுக்கு. மலையாளத்தில் 'க' வரும் அதே கே விசையில், மொழியை மாற்றினால் தமிழ் 'க' வரும். ஒரு தடவை விரல் பழகினால் இரண்டு மொழிக்கும் போதும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் அடித்தது எங்கே திறந்தாலும் எழுத்தாகவே இருக்கும். விண்டோஸிலும் இன்ஸ்கிரிப்ட் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் டி.டி.பி. கடைகளின் பழக்கம் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்கள். அந்தப் பழக்கம் பள்ளி அலுவலகத்துக்கும் வந்துவிடுகிறது. அங்கே அடித்த கேள்வித்தாளை அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல்தான். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும் இது ஓயவில்லை. (தமிழ்99 விசைப்பலகை பழகிய பிள்ளைக்கு லினக்ஸிலும் அது உண்டு, பயப்பட வேண்டாம்.)

கேரள வழியின் குறையையும் சொல்லியாக வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேராக ஓடாது. பொள்ளாச்சி, கோயம்புத்தூர் கணக்கு வேலைக்கு முதலில் கேட்பது டேலிதான். கேரளத்தில் பிளஸ் டூ காமர்ஸ் பிள்ளைகள் ஜிஎன்யுகாத்தா என்ற கட்டற்ற மென்பொருளில் கணக்கு பழகுகிறார்கள். பற்று வரவு ஒன்றுதான் என்றாலும் இன்டர்வியூவுக்கு முன்னால் மெனு தெரிய வேண்டும் என்பது உண்மை. அதற்குப் படிப்பு முடிந்த பிறகு தனியாகக் கொஞ்ச நாள் வகுப்பு போதும். அந்தக் கொஞ்ச நாளுக்காகப் பத்து வருடப் பள்ளிப் படிப்பை ஒரு கம்பெனியின் மெனுவுக்கு எழுதிக்கொடுக்கக் கூடாது. இன்னொன்று, சில பிரின்டர்கள் லினக்ஸில் படுத்தும். வாங்கும் முன்பே விசாரிக்காவிட்டால் டீச்சர் பாடுதான் திண்டாட்டம்.

வீட்டுக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. லேபில் இருக்கும் அதே மென்பொருளை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவரலாம், அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. செங்கல் சூளைக்கும் தென்னந்தோப்புக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினாலே பெரிது. அதற்குமேல் மென்பொருளுக்கு யார் காசு கொடுப்பது?

இப்போது இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். பல பள்ளி லேப்களில் இருப்பது அதற்கும் முந்தியவை. லினக்ஸ் அவற்றில் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

அதனால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கணினிகளை ஓரங்கட்டும் முன் ஒரு பென் டிரைவில் உபுண்டுவைப் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள். வைஃபை, புரொஜெக்டர், பிரின்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வரிசைக் கணினிகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் வாருங்கள். இதையே வருடக்கணக்கில் தமிழில் சொல்லிக்கொடுத்துவரும் டீச்சர்கள் இங்கே இருக்கிறார்கள்.