குப்பைமேனி சோப்பு வாங்கி அம்மாவின் கை வெந்த கதை

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "இது வாங்கலாமா, நல்லா இருக்குமா?" என்று கேட்டார். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, ஓரத்தில் கையால் வரைந்த ஒரு இலை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஏழு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்த அதே சோப்பு, அதே கட்டு. பெயர் மட்டும் புதுசு. அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டதை இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். விற்றவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாதத்துக்கு ஒரு பெயரில் வருகிறவர்களின் பெயரைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

முதலில் ஒன்று. வீட்டில் செய்கிற பொருளுக்கு நான் எதிரி இல்லை. எங்களுக்கு ஈரோடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இன்றைக்கும் அரப்புதான். அம்மா பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வைப்பார். அந்த மாவில் வளர்ந்தவள் என்பதால்தான் இதில் சுலபமாக விழுந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சோப்பை விற்ற பெண்ணின் வீடியோவை ஆபீஸ் தோழி ஒருத்தி பகிர்ந்திருந்தாள். பெரிய எவர்சில்வர் அண்டா, அதில் பச்சை நிறக் கலவை, பின்னணியில் குயில் சத்தம். "கெமிக்கல் ஒரு துளிகூட இல்லைங்க. தேங்காய் எண்ணெய், ஆட்டுப்பால், குப்பைமேனி, கொஞ்சம் இயற்கை உப்பு, அவ்வளவுதான். எல்லாம் எங்க பாட்டி கைப்பக்குவம். நேத்து ராத்திரி ஊத்தினது, நாளைக்கு உங்க வீட்டுல!" இதுதான் அவர் பேச்சு. வடை, முறுக்கு மாதிரி சோப்பையும் சூடாக இருக்கும்போதே வாங்கினால் நல்லது என்று நானும் நினைத்துவிட்டேன். ஆறு சோப்பு, அரைக் கிலோ சீயக்காய்த் தூள், ஒரு டப்பா கற்றாழை ஜெல். தபால் செலவோடு 1,340 ரூபாய். ஜிபே செய்தேன்.

பார்சல் வந்தது. மேல் காகிதம் எண்ணெய் ஊறி ஈரமாக இருந்தது. பிரித்தால் சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்த்திருந்தது. ஒரு பக்கம் மாவு தூவியது போல வெள்ளைப் பூச்சு. "ஆட்டுப்பால் சத்துதான் மேல வருதுங்க சிஸ்" என்று பதில் வந்தது. லேபிளில் சேர்மானங்களின் கடைசியில் "அன்பு" என்று போட்டிருந்தது. எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு 67 வயது. ஒரு சோப்பைக் குளியலறையிலும், இன்னொன்றைக் கொல்லைப்புறக் குழாயடியிலும் ஒரு பழைய அலுமினியக் கிண்ணத்தில் வைத்தார். முதல் நாள் குளித்து வந்ததும், "கண்ணு, என்னமா வழுவழுங்குது பாரு, கண்ணாடியாட்டம்" என்றார். எனக்குப் பெருமை. அந்த வழுவழுப்பு என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) அதிகமாகத் தோலில் படும்போது தோலில் இருக்கிற நம் எண்ணெய்ப் பசையே அங்கேயே சோப்பாக மாறுகிறது. அம்மா பெருமைப்பட்டது அவருடைய சொந்தக் கொழுப்பில் ஆன சோப்பைப் பார்த்து.

மூன்றாம் நாள் எரிச்சல். நாலாம் நாள் விரலிடுக்குகள் சிவந்தன. அந்தப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "பயப்படாதீங்க சிஸ், அது டீடாக்ஸ். இத்தனை வருசமா கம்பெனி சோப்பு போட்டு உள்ள சேர்ந்த கெமிக்கல் வெளிய வருது. நிறுத்தினாதான் பிரச்சனை. பத்து நாள் விடாம போடுங்க."

எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒரு பதிலுக்குத்தான். சோப்பு தப்பாகப் போயிருக்கலாம், யாருக்கும் கை தவறும். எரிகிறது என்று சொன்ன ஒரு வயதான மனுஷியை, இன்னும் போடு என்று சொல்ல எப்படி மனசு வந்தது? நானும் படித்தவள்தான், ஒரு நூல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள், அதை நம்பி அம்மாவிடம் "இன்னும் ஆறு நாள்தாம்மா" என்றேன். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் போகும்.

எட்டாம் நாள் விரலிடுக்கில் தோல் வெடித்து நீர் கசிந்தது. அக்குள் கருஞ்சிவப்பாகி, கையைத் தூக்க முடியவில்லை. தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல செஞ்ச சோப்பா?" என்பதுதான். "இது அலர்ஜி மாதிரி தெரியலைம்மா. காரம் பட்டு வெந்திருக்கு" என்றார். சோப்பே கூடாது, வெறும் தண்ணீர், ஒரு வாரம் ஒரு களிம்பு, அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. ஆமாம், பெட்ரோலியத்தில் இருந்து எடுத்த ஜெல்லி. இயற்கை சோப்பு வேகவைத்த கையை அதுதான் ஆற்றியது. முழுக்க ஆற ஐந்து வாரம் ஆனது.

வீட்டுக்கு வந்து அந்த அலுமினியக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். சோப்பு இருந்த இடம் மட்டும் கறுத்து, ஊசியால் குத்தியது போலக் குழி குழியாக அரித்திருந்தது. சோப்பு செய்யப் போடுகிற கடும் காரமான காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். அந்த "இயற்கை உப்பு" எது என்று அப்போது புரிந்தது.

மஞ்சள் தண்ணீரும் தெளித்துப் பார்த்தேன். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குமே, அதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இந்த சோப்பில் பட்ட மாத்திரத்தில் ரத்தச் சிவப்பு. கடை சோப்பில் லேசாகத்தான் சிவந்தது. ஆனால் இதை ஒரு பரிசோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதிலும் மஞ்சள் கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும். என் ஆத்திரத்துக்குச் செய்து பார்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு பெருந்துறைப் பக்கம் முறையாக லைசென்ஸ் எடுத்து சோப்பு செய்கிற ஒரு அம்மாவைத் தெரிந்தவர் மூலமாகப் போய்ப் பார்த்தேன். ஒரு சோப்பைக் கொண்டு போயிருந்தேன். அவர் விரலை நனைத்து, சோப்பில் தேய்த்து, நாக்கு நுனியில் தொட்டார். முகம் சுளித்து நேராகக் குழாயடிக்குப் போய்விட்டார். பழைய பேட்டரியை நாக்கில் வைத்தால் சுரீர் என்று இருக்குமே, அப்படி இருக்கிறது என்றார். (நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.) அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறேன்.

காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு கிடையாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மாறினால்தான் சோப்பும் கிளிசரினும் வரும். அளவு சரியாக இருந்தால் கடைசியில் சோடா மிஞ்சாது. ஆகவே காஸ்டிக் சோடா போடுவது குற்றமே இல்லை. போட்டுவிட்டு இல்லை என்பதும், அளக்காமல் போடுவதும்தான் குற்றம். "ரெடிமேட் சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுகிறவர்கள் உண்டு, அதிலும் யாரோ ஒருவர் முன்னாலேயே காஸ்டிக் போட்டிருப்பார்" என்று அந்த அம்மா சிரித்தார்.

அவருடைய நோட்டைக் காட்டினார். தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவுக்கு 183 கிராம் காஸ்டிக் சோடா. எண்ணெய் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய்க்கெல்லாம் வேறு வேறு கணக்கு, தேங்காய் எண்ணெயைவிட நிறையக் குறைவு. எல்லாமே தராசில், கிராம் கணக்கில். இப்போது அந்த வீடியோவை நினைத்துப் பாருங்கள். அண்டாவில் எண்ணெயை டம்ளரால் ஊற்றினார், "உப்பை"க் கரண்டியால் போட்டார். "பாட்டி கைப்பக்குவம், அளவெல்லாம் கிடையாது."

ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 910 கிராம் என்று போட்டிருக்கும். லிட்டரைக் கிலோ என்று நினைத்து 174 கிராம் சோடா போட்டால் என்ன ஆகும்? 910 கிராம் எண்ணெய்க்கு முழுசாகவே 167 கிராம்தான் தாங்கும். மீதி ஏழு கிராம் சோடா சோப்புக்குள் அப்படியே நிற்கும். லிட்டர், கிலோ குழப்பம் ஒன்றுக்கே இந்தக் கதி. கரண்டிக் கணக்குக்கு என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாட்டி பேரைச் சொல்கிறார்களே, என் பாட்டி சோப்பு காய்ச்சியதே இல்லை. அவர் போட்டது அரப்பும் பயத்தமாவும். அதில் அளவு கொஞ்சம் கூடினாலும் யாருக்கும் கை வேகாது.

நேற்று ஊற்றி இன்று அனுப்புவதும் பெருமைப்படுகிற விஷயம் இல்லை. அந்த அம்மா வீட்டு அலமாரியில் ஒவ்வொரு தட்டிலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்த பிறகுதான் கொடுப்பாராம். ஆனால் காஸ்டிக் மிஞ்சிய சோப்பை ஆறு வாரம் காயவைத்தாலும் அது சரியாகிவிடாது என்றும் சொன்னார்.

மற்ற இரண்டு பொருளையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சீயக்காய்த் தூள் துணி சோப்புத் தூள் போல நுரைத்தது. சீயக்காயைப் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அது அப்படி நுரைக்காது. கற்றாழை ஜெல் "பிரிசர்வேட்டிவ் இல்லை, வெளியில் வைத்தாலும் ஒரு வருடம் கெடாது". கொல்லையில் கற்றாழை வைத்திருக்கிறவர்கள் வழித்தெடுத்த சோற்றை ரெண்டு நாள் சமையல்கட்டில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டையும் கொட்டிவிட்டேன்.

பணம் திரும்பக் கேட்டபோது, பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றார். பிரச்சனை பார்சலில் இல்லையே, தோலில்தானே என்றேன். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

லேபிளை என் பெரியப்பா பையனிடம் காட்டினேன். மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். "ஏன் புள்ள, இதை லைசென்ஸ் நம்பர்னா நினைச்ச? இது உத்யம் நம்பர். சிறு தொழில்னு ஆன்லைன்ல பதிவு பண்ணினா யாருக்கும் கிடைக்கும். சோப்பைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல" என்றான். சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020ஆம் வருட அழகுசாதன விதிகளின்படி விற்பதற்காகச் செய்கிறவர் வீட்டில் செய்தாலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். லேபிளில் செய்தவர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், சேர்மானங்கள், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, சோப்பு என்றால் செய்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். என் லேபிளில் அந்த உத்யம் நம்பரும், அன்பில் முடிகிற சேர்மானப் பட்டியலும், ஒரு செல் நம்பரும், ஒரு இலையும்தான் இருந்தன. உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைச் சோப்பில் போட்டு விற்கிறவர்களும் உண்டாம். சோப்பை யார் தின்கிறார்கள்?

வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காஸ்டிக் சோடா எவ்வளவு போடுறீங்க, செஞ்சு எத்தனை வாரம் ஆச்சு?" பெருந்துறை அம்மா மாதிரி ஆட்கள் நோட்டைத் திறப்பார்கள். "கெமிக்கலே இல்லைங்க" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி எரிச்சல் என்றால் அன்றே நிறுத்திவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். டீடாக்ஸ் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பில், ஜிபே ரசீது, பேசிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நான் கோபத்தில் பாதியை அழித்துவிட்டு, பிறகு தோழியின் போனிலிருந்து வீடியோவைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் லேபிள் படத்தோடு எழுதியிருக்கிறேன், இந்தப் புதுப் பெயரையும் சேர்த்து. மிச்சம் இருக்கிற நாலு சோப்பும் ஒரு கண்ணாடி ஜாடியில், யார் கைக்கும் எட்டாமல் பரண் மேல் இருக்கின்றன. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அலுமினியக் கிண்ணத்தை மட்டும் அம்மா பரணில் போட விடவில்லை; அதில் இப்போது அரப்புத் தூள் இருக்கிறது. பதில் ஏதாவது வந்தால் இங்கேயே கீழே எழுதுகிறேன்.