65 மி.மீ. லென்ஸும் வீணாகிற வெளிச்சமும்

ஷட்டர் சர்வீஸ் முடிந்து என் 65 மி.மீ. லென்ஸ் திரும்பி வந்துவிட்டது. ஒரு நொடி வைத்தால் இப்போது ஒரு நொடிதான் திறக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர் கேட்டார்: டெக்னிக்கல் கேமராவில் (லென்ஸையும் ஃபிலிமையும் தனித்தனியே நகர்த்த முடிகிற கேமரா) 6×9 செ.மீ. ஃபிலிம் ஓட்டப்போகிறேன், டிஜிட்டலுக்கென்று வந்த லென்ஸ் வாங்கலாமா, இல்லை உங்களுடையது மாதிரி பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாமா?

முதல் கேள்விக்கு ஸ்கேல் எடுத்தாலே பதில் கிடைத்துவிடும். 6×9 நெகட்டிவின் உண்மையான அளவு ஏறக்குறைய 56×84 மி.மீ., மூலைவிட்டம் 101. டிஜிட்டலுக்கென்று வந்த ரோடன்ஸ்டாக் டிஜரான்-எஸ் வரிசையின் பிம்ப வட்டம் (லென்ஸ் உள்ளே விழவைக்கும் வட்டப் பிம்பத்தின் விட்டம்) 70 மி.மீ. டபிள்யூ வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 90. எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன, மூலைகள் கறுத்துவிடும். 6×7-க்கு டபிள்யூ ஒட்டிக்கு ஒட்டி போதும், ஆனால் ரைஸ் (லென்ஸை மேலே ஏற்றுவது), ஷிஃப்ட் (பக்கவாட்டில் நகர்த்துவது) எதுவும் கிடையாது. அதற்கு எதற்கு டெக்னிக்கல் கேமரா?

படுக்கைவாட்டில் 6×9 வைத்து 20 மி.மீ. ரைஸ் கொடுக்க 128 மி.மீ. வட்டம் வேண்டும். பழைய வைட் லென்ஸ்களான கிராண்டகன்-என் 65, சூப்பர்-ஆங்குலான் 65 எஃப் 5.6, நிக்கோர் எஸ்டபிள்யூ 65 மூன்றுமே 170 தருகின்றன. இது எஃப் 22 என்ற சிறிய துளையளவில், முடிவிலியில் ஃபோகஸ் செய்தபோது அளந்த கணக்கு. துளையைப் பெரிதாக்கினால் நல்ல பகுதி சுருங்கும், கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் வட்டம் விரியும். கணக்குப்படி 45 மி.மீ. வரை ஏற்றலாம். நடைமுறையில், இவ்வளவு குட்டை லென்ஸுக்கு இரண்டு ஸ்டாண்டர்டும் (லென்ஸையும் ஃபிலிமையும் தாங்கும் சட்டங்கள்) நெருங்கி நிற்கும், அவற்றை இணைக்கும் மடிப்புத் துருத்தியான சாதாரண பெல்லோஸ் நசுங்கிப் போய் நகர மறுக்கும். தளர்ந்த பை மாதிரி இருக்கும் பை பெல்லோஸ் போட்ட பிறகுதான் என்னால் நிம்மதியாக ரைஸ் செய்ய முடிந்தது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. 170 மி.மீ. வட்டத்தின் பரப்பில் 6×9 ஃபிலிம் பிடிப்பது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி வெளிச்சம் எங்கே போகும்? பெல்லோஸ் மடிப்புகளில் பட்டுச் சிதறி, கொஞ்சம் ஃபிலிமுக்கே திரும்பி வரும். மேகமூட்டமான வெள்ளை வானத்துக்கு அடியில் ஒரு கட்டடம் எடுத்துப் பாருங்கள்: நிழல்களில் மெல்லிய பால் திரை படிந்திருக்கும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, அது 4×5 அங்குல ஃபிலிமை மூடச் செய்த பொருள். மருந்து, லென்ஸுக்கு முன்னால் மாட்டி நீட்டிக் குறுக்கும் பெல்லோஸ் ஹூட். ஆனால் ஒவ்வொரு முறை ரைஸை மாற்றும்போதும் ஹூடையும் மாற்ற வேண்டும். கொஞ்சம் அதிகம் நீட்டினால் மூலையை வெட்டும். இத்தனை ஆண்டு பழகியும் இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

ஹூட் வெட்டுகிறதா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. லென்ஸ் துளையைப் படம் எடுக்கும் அளவுக்குச் சுருக்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் போய் லென்ஸ் வழியாக கிரவுண்ட் கிளாஸின் (ஃபிலிம் இடத்தில் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) மூலையைப் பாருங்கள். துளை முழுதாகத் தெரிந்து, அதன் வழியே மூலையும் தெரிந்தால் சரி. பூனைக்கண் மாதிரி ஒடுங்கியிருந்தால் வெளிச்சம் வெட்டுப்படுகிறது.

ஓரங்கள் இருள்வதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. ரைஸ் இல்லாவிட்டால் மூலையில் வெளிச்சம் ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதியாக, குறையும். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும். ஸ்லைடு என்றால், நடுவை மங்கவைத்து ஓரத்தோடு சமமாக்கும் சென்டர் ஃபில்டர் போடுவேன், அது தின்னும் வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டே. ரைஸ் கொடுத்த படத்தில் மேல் மூலை வானமாக இருந்தால், அந்த இருட்டு அழகாகவே அமைந்துவிடுகிறது!

மற்றபடி இந்த லென்ஸ் அருமை. கோடுகள் கோடாகவே இருக்கின்றன, எஃப் 22-இல் மூலை வரை விவரம் நிற்கிறது. 120 ரோலில் எட்டே படம், எட்டையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனாலும் நண்பருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன். 100 மி.மீ. எஃப் 5.6 பிளாஸ்மட் வகை லென்ஸ் ஒன்று வாங்கட்டும். வட்டம் 150 பக்கம் வரும், 6×9-இல் 30 மி.மீ. ஏற்றலாம், லென்ஸ் கையடக்கம், சாதாரண பெல்லோஸே போதும். அதிலும் வெளிச்சம் சிந்தும்தான். ஆனால் பார்வைக் கோணம் குறுகியது என்பதால் ஹூடை நன்றாக இழுத்துவிட்டு மறந்துவிடலாம். 65 வேண்டுமென்று பிறகு தோன்றினால் அவரே தேடிக்கொள்ளட்டும். என்னிடம் இரவல் கேட்க வேண்டாம், சர்வீஸ் ஆகி இப்போதுதான் வந்திருக்கிறது.