விமானத் தூரக் கணிப்பான்கள்: தூரத்தை நம்பலாம், நேரத்தை?

பயணத் திட்டம் போடும்போதெல்லாம், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று காட்டும் இணையக் கணிப்பான்களைப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவை தரும் தூரக் கணக்கு பிரமாதம். நேரக் கணக்கை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

தூரம் ஏன் சரியாக வருகிறது என்றால், இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியைக் கணிப்பான் கணக்கிடுகிறது. சில இணையதளங்கள் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாகவே வைத்துக்கொள்ளும். சில, துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மையான வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் தளத்துக்குத் தளம் தூரம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். மைல் என்று போட்டிருந்தால் மட்டும் எந்த மைல் என்று பாருங்கள்: சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ.

நேரத்துக்கு வருவோம். பல தளங்கள் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுகின்றன. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே சுமார் 5,540 கி.மீ. 900-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் போக சுமார் 6 மணி 40 நிமிடம், வரவும் அதேதான். உண்மையில் மேற்கே போகும்போது ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று) எதிர்காற்றாக அடிக்கும். விமான அட்டவணையில் அந்தப் பக்கம் எட்டு மணி நேரத்தை ஒட்டியும், திரும்பி வரும் பக்கம் ஏழை ஒட்டியும் இருக்கும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எந்தக் கணிப்பானும் இதைச் சொல்லாது.

அப்புறம், அட்டவணை நேரம் என்பது புறப்படும் நிலையத்தின் கேட்டிலிருந்து சேரும் நிலையத்தின் கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேரும். 300 கி.மீ. மாதிரி குறுகிய பயணத்தில் இதுதான் பெரிய பங்கு. அதனால் அங்கே கணிப்பானின் நேரத்தை நான் பார்ப்பதே இல்லை.

வான்வழி மூடப்பட்டாலும் கணக்கு மாறிவிடும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 9 மணியிலிருந்து 13 மணியானது. கணிப்பானில் தூரம் இன்றும் அதேதான்.

புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: ஊர்ப் பெயரைப் போடாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள். டோக்கியோ என்று மட்டும் கொடுத்தால் அங்குள்ள இரண்டு விமான நிலையங்களில் நரிதாவா ஹனேடாவா என்று தளமே முடிவு செய்துகொள்ளும். சில தளங்கள் நகரின் மையத்தையே எடுத்துக்கொள்ளும்.